ருசியின் யோக்கியதை

வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்த ஊர்ச் சமையலைச் செய்து சாப்பிடுவது நம்மிடையே ஏக்கம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே பேசப்படுகிறது. ஏக்கம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு விசாரணை தேவைப்படுவதில்லை. எனக்கு அது ஒரு நியாயப் பிரச்னையாகவும் படுகிறது. ஒருவர் நிர்ப்பந்தத்தில் தின்றதை இன்னொருவர் விருப்பத்தில் தின்றுவிட்டு, இரண்டும் ஒரே பண்டம்தான் என்று சொல்ல என்ன பாத்யதை இருக்கிறது?

தருமபுரிக்காரருக்கு இந்தப் பண்டம் களி. துபாயில் வேலை பார்க்கும் என் நண்பர் விடுமுறை நாட்களில் ராகிக் களி கிண்டுகிறார். பாக்கெட் மாவு, காஸ் அடுப்பு, துடுப்புக்குப் பதில் மரக்கரண்டி. தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்பு. ருசி ஏறக்குறைய வந்துவிடுகிறதாம். தொலைபேசியில் தாயாரிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "அந்தக் கருமத்தத் திங்கத்தான் அவ்ளோ தூரம் போனியா?" என்று கேட்டாராம் அந்த அம்மாள். நண்பர் ஹாஸ்யமாகத்தான் இதை என்னிடம் சொன்னார். நான் அதை ஒரு விமர்சனத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மாளின் தலைமுறைக்கு நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். மற்ற நாட்களில் களி, கூழ். விடியுமுன் திருகையில் அரைத்து, உலையில் நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, கவைக்கோலைக் காலால் மிதித்துப் பானை அசையாமல் நிறுத்தி, கட்டி தட்டாமல் கிண்டியாக வேண்டும். தோள்வலியும் அதில் ஒரு சேர்மானம். இப்போது மகன் விடுப்பில் வரும்போதெல்லாம் சோறுதான் ஆக்குகிறார். களி கேட்டால் மாவு இல்லை என்கிறார். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த ராகி அவர் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும்.

அசல் களி, நகல் களி என்று இதைப் பிரித்துப் பேசுவதில் பிரயோஜனமில்லை. ராகியே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் தோன்றி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து சேர்ந்த தானியம். உகாண்டாவில் இன்றும் அந்த மாவைக் கொதிநீரில் கிண்டி உண்கிறார்கள். பெயர் கலோ. (ஒலி ஒற்றுமையை வைத்தே சரித்திரம் கட்டும் நண்பர்கள் இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடலாம்.) பண்டத்துக்குச் சொந்த ஊர் தேடினால் நாம்தான் வெளிநாட்டுக்காரர்கள் ஆகிறோம்.

இதைவிட முக்கியமான உதாரணம் நெட்டாலில் இருக்கிறது. மெட்ராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பரில் டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பகுதி மெட்ராஸ் துறைமுகம் வழியே. தருமபுரி அன்று சேலம் ஜில்லா. 1965இல்தான் தனி மாவட்டமாயிற்று. இப்படிப்பட்ட வறண்ட ஜில்லாக்களில் களி தின்றவனுக்குத் தினப்படி அரிசி என்ற வாக்குறுதியே பாதிக் கூலி மாதிரி. ஆனால் தோட்டங்களில் பல சமயம் அரிசிக்குப் பதில் மக்காச்சோள மாவை அளந்தார்கள். அதைக் கொதிநீரில் கிண்டினால் கிடைப்பது என்ன? நிறம் வெளுத்த களி. ஊர்ச் சாப்பாடு கடல் தாண்டி அவனைத் தேடி வந்துவிட்டது, ஏமாற்றின் ரூபத்தில். அந்தச் சட்டியின் முன்னால் உட்கார்ந்தவனிடம் ஏக்கம் என்ற வார்த்தையை உபயோகிக்க எனக்குத் துணிவில்லை.

நண்பர் பாசாங்கு செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. நாக்கின் ஞாபகம் பொய்யல்ல. ஆனால் நாக்கு தன் பங்கை மட்டுமே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. கிண்டியவளின் கை அதன் கணக்கில் வருவதில்லை. அவர் களி கிண்டுவதை விட்டுவிட வேண்டும் என்பதல்ல என் கட்சி. "எங்கள் ஊர்ச் சாப்பாடு" என்று விருந்தாளிகளுக்குப் பரிமாறும்போது, ஊரில் அதிலிருந்து தப்பிக்கத்தான் ஆசைப்பட்டார்கள் என்பதையும் கூடவே சொல்லலாமே என்றேன். சொன்னால் ருசி குறைந்துவிடும் என்கிறார். குறையலாம்.