தொட்டிக்குள் வாயில்லா ஜீவன்

வீட்டிலும் கடையிலும் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பது கூடுமா, கூடாதா என்னும் கேள்வி நம்மவர் மத்தியில் அடிக்கடி எழுகின்றது. சுங்கை பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ கூலிமிலோ நாலு கடை ஏறி இறங்கினால் ஒரு கடையிலாவது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொட்டி இருக்கும். தோட்டத்து லயங்களில் ஹார்லிக்ஸ் போத்தலே தொட்டி. வாய்க்காலில் பிடித்த குப்பிகள் அதில் நீந்தும். இதைப் பார்த்துப் பெரியவர் ஒருவர், "ஆண்டவன் ஆற்றிலே விட்ட ஜீவனைக் கண்ணாடிச் சிறையில் அடைக்க உனக்கு யாரப்பா அதிகாரம் கொடுத்தது?" என்பார். வாலிபர் ஒருவர், "காசு கொடுத்து வாங்கியது, என் இஷ்டம்" என்பார். இரண்டுமே யோசியாமல் சொல்லும் பேச்சு என்பது என் அபிப்பிராயம்.

நான் ஆலிம் அல்லன். மதறஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு ஏட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு, தராசுக்குப் பின்னால் நின்றே நாற்பதைக் கடந்தவன். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. அதற்கு நம் உலமாப் பெருமக்கள் இருக்கிறார்கள். ஆனால் தொட்டி ஒன்றைப் பல வருஷங்களாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சகோதரர்கள் முன் வைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

மதறஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரிந்த இரண்டு ஹதீஸ்கள் இருக்கின்றன. ஒன்று, பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றியது. அவள் அதற்குத் தீனியும் போடவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. அது செத்தது, அவள் நரகம் புகுந்தாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். மற்றொன்று, அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, அபூ உமைர் என்னும் சிறு பிள்ளை வளர்த்த குருவியைப் பற்றியது. குருவி இறந்து பிள்ளை வாடியிருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குருவியின் பெயரைச் சொல்லி அன்போடு விசாரித்தார்கள். ஏன் குருவி வளர்த்தாய் என்று கடிந்து கொள்ளவில்லை. பறவை பிராணிகளை வளர்த்துப் பராமரிப்பது ஆகும் என்பதற்கு ஹதீஸ் விளக்கவுரை எழுதிய பெரியோர்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

முதல் ஹதீஸை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. தீனி போட்டிருக்கலாம், அல்லது விட்டுவிட்டிருக்கலாம். இரண்டையும் அடைத்தது தான் அவள் குற்றம். பூனைக்கும் குருவிக்கும் இந்தக் கணக்கு எளிது. மீன் என்று வரும்போது இந்த இரண்டு வாசல்களிலும் ஒவ்வொரு சிக்கல் நிற்கின்றது.

முதலில் தீனியை எடுத்துக்கொள்வோம். பூனை பசித்தால் கத்தும்; காலைச் சுற்றும். ஆடு கயிற்றை இழுக்கும். மீனுக்குக் குரலே இல்லை. வாயில்லா ஜீவன் என்று எல்லாப் பிராணிகளையும் சொல்கிறோம். உண்மையில் அந்தப் பெயர் மீனுக்கே முழுதும் பொருந்தும். வீட்டுப் பிள்ளைகள் அன்பு மிகுதியால் ஆளுக்கொரு சிட்டிகை தீனி போடுகிறார்கள். பள்ளிக்குப் போகுமுன் ஒருவன், திரும்பி வந்ததும் ஒருத்தி, மஃரிபுக்குப் பின் பாட்டி. மீனும் ஓடிவந்து தின்னும். தின்றது போக மிச்சம் அடியில் தங்கி அழுகும். அழுகும் தீனியிலிருந்து அம்மோனியா உண்டாகின்றது. மீன் தன் செவுள் வழியே வெளியிடுவதும் அதே அம்மோனியா தான். ஆற்றிலென்றால் ஓடும் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். தொட்டியில் எங்கே போகும்? தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாகவே இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மீனின் செவுள் மாத்திரம் உள்ளே புண்ணாகிக்கொண்டு வரும்.

இதற்கு மாற்று மருந்தையும் படைத்தவனே வைத்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கிருமிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது; இது அவ்வளவு கெடுதல் இல்லை; செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தக் கிருமிகள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறிப் பெருக நாலு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். இது தெரியாதவர் சனிக்கிழமை தொட்டி வாங்கி, அன்றைக்கே பத்து மீனை விட்டுவிடுகிறார். இரண்டாவது வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மிதக்கும். வீட்டார் கண் பட்டுவிட்டது என்பார்கள். கண்ணுமில்லை, மண்ணுமில்லை, அம்மோனியா! இன்னும் சிலர் சுத்தம் செய்கிறேன் என்று பஞ்சைக் குழாயடியில் வைத்துக் கசக்கி அலசுகிறார்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின், கஷ்டப்பட்டுக் குடியேறிய கிருமிகளைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து ஒரு வாளி எடுத்து அந்தத் தண்ணீரில் அலசினால் போதும்.

செடியின் பங்கை முதன்முதலில் முறையாகச் சோதித்து எழுதியவர்களில் ஒருவர் லண்டன் ரசாயன நிபுணர் ராபர்ட் வாரிங்டன். ஒரு தொட்டியில் இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடி தரும் பிராணவாயுவில் மீன் பிழைத்தது. ஆனால் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கத் தொடங்கிற்று. அழுகலைத் தின்னும் நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார், தண்ணீர் தெளிந்தது. 1850ஆம் ஆண்டு இதை அறிக்கையாக வெளியிட்டார். மீன், செடி, நத்தை என்று மூன்றும் ஒன்றுக்கொன்று கடன்பட்டு வாழ்கின்ற ஏற்பாடு அது. அந்த வாலிஸ்நேரியாவும், நம் ஊர்க் குளங்களில் மண்டிக்கிடக்கும் வேலம்பாசியும் இங்கே சுலபமாகக் கிடைக்கின்றன. கெடாவின் உஷ்ணத்தில் தண்ணீரைச் சூடேற்றும் கருவியும் வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இரவில் செடியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். செடி அளவுக்கு மிஞ்சி அடர்ந்த தொட்டியில் ஸுப்ஹு நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றி எடுக்கும் பழைய தண்ணீரை வீணாக்காமல் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள், தழைத்து நிற்கும்.

இங்கே தான் என் கேள்வி பிறக்கின்றது. அள்ளி அள்ளித் தீனி போட்ட அந்தப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் மனத்தில் இரக்கம் தவிர வேறில்லை. மீனோ செத்துப்போயிற்று. இரக்கம் இருந்தது என்பதால் கடமை தீர்ந்ததா? அமல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்று சிலர் உடனே பதில் சொல்வார்கள். வியாபாரிகளாகிய நாம் இதை நம் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம். ஒருவர் நேர்மையானவர், ஆனால் அவர் தராசு கிலோவுக்கு இருபது கிராம் குறைத்துக் காட்டுகின்றது, அவருக்கு அது தெரியாது. ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் அரிசி வாங்கிப்போன தோட்டத் தொழிலாளிக்குக் குறைந்தது குறைந்தது தான். அதனால் தான் ஆண்டுதோறும் தராசைச் சோதித்து முத்திரை வைக்கவேண்டும் என்று இந்நாட்டில் சட்டம் இருக்கின்றது. தெரியாமல் நடந்தது என்று ஒருமுறை சொல்லலாம். தெரிந்துகொள்ள வழி இருந்தும் கேளாமலே இருந்தவன் அதைச் சொல்வது எப்படிச் செல்லும்? தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து மீன் கடைகளில் விற்கிறது. நல்ல எண்ணத்தோடு அதையும் ஒன்று வாங்கி வைத்தால் தான், பிராணியை ஏற்றுக்கொண்டவன் தீனி வாசலில் நிற்கிறான் என்று நான் சொல்வேன்.

இனி இரண்டாவது வாசல். முடியாவிட்டால் விட்டுவிடு, பூனைக்கு அது விடுதலை. தொட்டி மீனுக்கு? தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கறுப்பு மீனை இந்நாட்டில் 'இக்கான் பண்டாராயா', அதாவது நகராட்சி மீன் என்கிறார்கள். குப்பை கூட்டும் சேவகர் என்று பொருள்; நல்ல வேடிக்கைப் பெயர். அதன் பூர்வீகம் தென்னமெரிக்கா. விரலளவில் வாங்கியது முழங்கை அளவுக்கு வளர்ந்ததும், புண்ணியமாய்ப் போகட்டும் என்று ஆற்றில் விட்டுவிட்டார்கள். கவசம் போன்ற அதன் தோலைக் கண்டு மற்ற மீன்கள் அண்டுவதில்லை. ஆற்றங்கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகுகின்றது. சிலாங்கூர் ஆறுகளில் தொண்டர்கள் கூட்டம் கூட்டமாய் இறங்கி இதைப் பிடித்து அழிக்கும் நிலை அண்மை வருஷங்களில் வந்துவிட்டது. ஒரு மீனுக்குக் காட்டிய கருணை ஓர் ஆற்றின் மீன்களுக்கெல்லாம் கேடாயிற்று. நம் மூடா ஆற்றுத் தண்ணீரைக் கெடாக்காரரும் குடிக்கிறார்கள், பினாங்குக்காரரும் குடிக்கிறார்கள்; அது யாருடைய தொட்டிக்கும் வடிகால் அல்ல.

ஆகவே அந்நிய நாட்டு மீனை வாங்கியவனுக்கு விடுதலை வாசல் வாங்கிய அன்றே அடைபட்டுவிட்டது. பாக்கி இருப்பது ஒரே வாசல். ஆதலால் வளர்க்கலாமா என்ற கேள்வியைத் தொட்டிக்கு முன்னால் நின்று கேட்பதில் பயனில்லை. கடையில், பணத்தை எடுக்குமுன் கேட்கவேண்டும். இது எவ்வளவு பெரிதாக வளரும், எத்தனை வருஷம் உயிரோடிருக்கும், வேண்டாமென்று தோன்றினால் யாரிடம் கொடுப்பேன்? பொன்மீன் ஒழுங்காகப் பராமரித்தால் பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அது சில மாதங்களில் சாவதை இயற்கை மரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

விற்பவருக்கும் இதில் பங்கு உண்டு. சரக்கின் குறையை மறைத்து விற்கக்கூடாது என்பது நாம் அறிந்த வியாபார ஒழுக்கம். சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன் வியாபாரம் பெருந்தொழிலாக நடக்கின்றது. இந்நாட்டிலும் ஏற்றுமதி வரை போகின்றது. ஹலாலான தொழில் தான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை கிண்ணத்தைக் காட்டி மீன் கேட்கும்போது, இந்தக் கிண்ணத்தில் இது பிழைக்காது என்று சொல்லாமல் காசை வாங்கிப் போட்டுக்கொள்வது பழுதை மறைத்த விற்பனையா, இல்லையா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதற்கு இடமுண்டு. அரோவானா வாங்கி வைத்தால் தொழில் பெருகும் என்று சொல்லி விற்பவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல? 1975ஆம் ஆண்டு முதல் சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் உள்ள அரிய மீன் அது. தன் ரிஸ்கையே தேட முடியாமல் நாம் போடும் தவளைக்குக் காத்திருக்கும் மீன், நமக்கு எங்கிருந்து ரிஸ்கைக் கொண்டுவரும்?

சண்டை மீனையும் சொல்லவேண்டும். இரண்டு ஆணை ஒரு போத்தலில் விட்டு மோதவைப்பதும், அதன்மேல் பந்தயம் கட்டுவதும் இங்கே பழைய வழக்கம். பிராணிகளை மோதவிடுவதையும் சூதையும் மார்க்கம் தடுத்திருப்பதால் அதில் பேச்சுக்கே இடமில்லை. பினாங்கில் கம்பெனி வைத்தியராக இருந்த தியோடர் காண்டர் 1849ஆம் ஆண்டில் அங்குள்ள மீன் ஒன்றுக்குச் 'சண்டைக்காரன்' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். சயாமின் பந்தய மீன் வேறு இனம் என்று கண்டு 1910ஆம் ஆண்டு அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். பினாங்கு மீனுக்கோ பழைய பெயரே நிலைத்துவிட்டது. ஓடைகளில் வாழும் அந்தச் சாது மீனில், ஆண் தான் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். குஞ்சு வெளிவரும் வரை சரியாகத் தின்பதுமில்லை. நோன்பிருக்கும் தகப்பனுக்குச் சண்டைக்காரன் என்று பெயர்!

பெரியவர் சொன்ன ஆற்றுக்கு வருகிறேன். ஆற்றிலும் வயலிலும் இருந்தால் மீனுக்குச் சுகம் என்பது அவர் வாதம். 1970ஆம் ஆண்டு மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்து கெடா வயல்களில் இருபோகம் விளையத் தொடங்கிற்று. நெல் பெருகியது, நாட்டுக்கு நன்மை. ஆனால் பூச்சி மருந்தாலும், அடிக்கடி வயலை வடிப்பதாலும், ஒருகாலத்தில் அறுவடைக்குப் பின் குழிகளில் வாரி எடுத்த செப்பாட்டும் கெளுத்தியும் குறைந்துபோயின. பெரியவருக்குக் கண்ணாடிச் சுவர் தெரிகின்றது. வாய்க்காலில் கலக்கும் மருந்து தெரியவில்லை. தொட்டியைச் சரியாகப் பராமரிக்கும் பையன் ஒருவன், மீனுக்கு வேண்டியது தண்ணீர் என்பதை அறிந்துகொள்கிறான். அவன் வாய்க்காலில் எண்ணெய்ச் சட்டியைக் கழுவமாட்டான் என்பது என் நம்பிக்கை.

குழம்பு வைத்துத் தின்னும் மீனுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தின்பதற்கு நமக்கு அனுமதி இருக்கின்றது. அதன் வேதனை சிறிது நேரத்தில் முடியும். அறுக்கும் பிராணிக்குக்கூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பார்த்து மகிழ்வதற்காக மாதக்கணக்கில் வைத்துக்கொள்வது வேறு கணக்கு, அது அமானத்து.

நோன்புப் பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ நம்மில் பலர் ஒரு மாதம், இரண்டு மாதம் ஊருக்குப் போகிறோம். கடையைக் கணக்குப்பிள்ளையிடம் ஒப்படைக்கும்போது இருப்பு, பாக்கி, சாவி எல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். மீனை மட்டும், "தம்பி, பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஒரு வேளைத் தீனியை ஒரு காகிதப் பொட்டலமாக மடித்து, இரண்டு நாளைக்கு ஒன்று வீதம் எண்ணி வைத்துவிடுங்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றவேண்டும் என்பதையும், அந்தத் தண்ணீரில் முன்கூட்டியே குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தைக் கலக்கவேண்டும் என்பதையும் எழுதித் தொட்டியில் ஒட்டுங்கள். மிச்சத் தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.