எண் முடியும் இடத்தில்

சேர்வராயன் மலையில், கரடியூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடை மழைக்குக் காத்திருக்கும். ஓர் அங்குலம் அளவுக்குப் பெய்தால் எட்டுப் பத்து நாளில் பூ விரியும். அரைகுறைத் தூறலோடு நின்றுவிட்டால் தோட்ட மேலாளருக்குச் சோதனைதான். உடனே தெளிப்புநீர் பாய்ச்சுவதா, அடுத்த மழையை நம்பி, இருக்கும் நீரைக் காப்பதா? மழைமானி காட்டும் எண் தெளிவாக இருக்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

தகவல் போதாமல் இருப்பதும், இருக்கும் தகவலின் பொருள் தெளிவாகாமல் இருப்பதும் வெவ்வேறு சிக்கல்கள் என்று 1986இல் ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். தகவல் குறைவாக இருந்தால் கூடுதல் தரவு உதவும். ஒரே தகவலைப் பலர் பலவிதமாகப் புரிந்துகொண்டால், முகம் பார்த்துப் பேசுவதே உதவும்.

நிர்வாகிகளுக்குத் தகவல் அமைப்பை உருவாக்குவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். முன்னறிவிப்பை ‘மழை வரும்’ என்று முடித்துவிடாமல், வாய்ப்பு எவ்வளவு என்றும் திரை சொல்லட்டும். மொட்டைத் தொட்டுப் பார்த்த மேஸ்திரியின் கருத்துக்கும், அதை மறுப்பவரின் கருத்துக்கும் அதில் இடம் இருக்கட்டும். எந்த ஊகத்தை வைத்து முடிவெடுத்தோம், எது நடந்தால் அதை மாற்றுவோம் என்பதும் பதிவாகட்டும்.

குழப்பத்தை மூடி மறைக்கும் அறிக்கை தலைமைக்குப் பொய்த் துணிச்சலைத் தரும். அதை உள்ளபடி காட்டும் அமைப்புதான் பொறுப்பான முடிவுக்கு வழிகாட்டும்.