யார் பார்க்கப் போறா?

லேப்பில் ரீடிங் சரியா வரலைன்னா, "அட்ஜஸ்ட் பண்ணிடு, யார் பார்க்கப் போறா?" என்பார்கள் நண்பர்கள். யாரும் பார்க்காவிட்டால் தப்பில்லையா?

1986-இல் அமெரிக்காவின் டைலர் நகர மருத்துவமனையில், தெராக்-25 என்ற கருவி புற்றுநோயாளிகள் இருவருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. இருவருமே பிறகு இறந்தார்கள். முதல் விபத்தின்போது, அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று தயாரிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த மருத்துவ இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் விடவில்லை. இரண்டாவது விபத்துக்குப் பின், கருவியை இயக்கியவரோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். தகவலை வேகமாகத் திருத்தினால் பிழை வருவதைக் கண்டுபிடித்தார்.

கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. படுத்திருப்பவரால் அளவைச் சரிபார்க்க முடியாது. அவருக்காக இன்னொருத்தர் பார்த்தே ஆகணும். நண்பர்களே, நம்மை நம்பி ஒருவர் படுத்திருக்கிறார். நேர்மையா இருக்க எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.