கண்டதெல்லாம் சாட்சியாகுமா?

“நான் என் கண்ணாலேயே பார்த்தேன்” என்று இன்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், கைப்பேசியில் வந்த வீடியோவில் என்கிறார்கள். பிறருடைய மானம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இப்படிப் பார்த்தது சாட்சியாகுமா? ஒவ்வொரு குடும்பத்தாரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

சாட்சி சொல்பவருக்கு அரபியில் ‘ஷாஹித்’ என்று பெயர். அச்சொல்லின் வேரிலேயே ‘ஹாஜராக இருத்தல்’ என்ற பொருள் அடங்கியுள்ளது. வீடியோவோ, ஹாஜராக இல்லாதவருக்குக் காட்சியைக் கொண்டு வந்து சேர்க்கும் கருவி.

அதன் வரலாறே இதற்கு ஆதாரம். அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான பொறியாளர்கள் 1956-இல் வீடியோ டேப் இயந்திரத்தை வெளிக்கொணர்ந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று, நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பான சி.பி.எஸ். மாலைச் செய்தியை ஹாலிவுட்டில் டேப்பில் பதிந்து, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரை மக்களுக்குக் காட்டினார்கள். முடிந்துபோன ஒன்று, இப்போது நடப்பதுபோல் தோன்றலாயிற்று.

1963 டிசம்பர் 7 அன்று, அமெரிக்க இராணுவ, கடற்படை அணிகளின் பந்தாட்டத்தில், இராணுவ அணி புள்ளி பெற்ற காட்சியை டோனி வெர்னா என்ற இயக்குநர் உடனே மறுபடியும் ஓடவிட்டார். மக்கள் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. ஆகவே வர்ணனையாளர், இது நேரடிக் காட்சியல்ல, அந்த அணி மீண்டும் புள்ளி பெறவில்லை என்று அவசரமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. கண் ஏமாறும் இடத்தில் நாவு உண்மை சொன்னது. அதுவன்றோ அமானத்!

அந்நாளில் டேப்பைக் கத்தியால் வெட்டி ஒட்டித் தொகுத்தார்கள். ஒருவர் பேச்சின் முன்னும் பின்னும் போய்விட்டால் கருத்தே தலைகீழாகும். இன்று கத்தியும் வேண்டாம். சொல்லாததைச் சொன்னதாக முகத்தோடும் குரலோடும் கணினியே உருவாக்கித் தருகிறது.

நம் ஹதீஸ்கலை இமாம்கள், செய்தி எவ்வளவு அழகாயிருந்தாலும் முதலில் ஸனதைக் கேட்டார்கள்: சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்? இடையில் யாரேனும் விடுபட்டுள்ளாரா? கை மாறிக் கை மாறி வரும் வீடியோவுக்கு ஸனது எங்கே? எடுத்தவர் யார், எந்நாளில், எதை வெட்டினார் என்று ஒன்றும் தெரியாமல் நாம் அடுத்தவருக்கு அனுப்புகிறோம். தீயவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத் கட்டளையிடுகிறது. கொண்டுவந்தவன் யாரென்றே தெரியாதபோது விசாரணை இன்னும் அவசியமல்லவா?

அப்படியானால் அநியாயத்தைக் காட்டும் வீடியோவை மூடி மறைப்பதா என்று கேட்கலாம். இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு அது பயன்படுமானால், விசாரிக்கும் பொறுப்புடையோரிடம் ஒப்படைப்பது கடமை. அவர்கள் ஆராய்ந்து முடிவு செய்வார்கள். ஊரெங்கும் பரப்புவது விசாரணையாகாது. உண்மையானால் அது புறமாகவும், பொய்யானால் அவதூறாகவும் நம் ஏட்டில் பதியப்படலாம்.

வீடியோவை அழித்துவிட முடியும். போன மானத்தை மீட்டுத்தர முடியுமா? அனுப்பும் முன் ஒரு கணம் விரலை நிறுத்துங்கள். கண்ணும் செவியும் விசாரிக்கப்படும் அந்நாளில் நம்மைக் கேவலப்படுத்தாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.