சுற்றிவரும் ஜீவன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் ஸ்கூடாயில் சாப்பாட்டுக் கடை ஓரங்களிலும் சூராவின் வாசற்படியிலும் பூனைகளுக்குக் குறைவில்லை. சிலர் அவற்றை அடித்து விரட்டுகின்றனர். சிலர் கோணியில் கட்டித் தூரத்துச் சந்தையில் விட்டுவிட்டு வருகின்றனர். கேட்டால், "நன்றியில்லாத பிராணி, சோறு போட்டாலும் சொன்னபடி கேளாது" என்கின்றனர். இந்தச் சாக்கு மார்க்கத்தில் செல்லுமா?

ஹலரத் அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய, மருமகளார் கப்ஷா அம்மையார் தண்ணீர் வார்த்தார்கள். பூனையொன்று குடிக்க வந்தது. அவர்கள் அதை விரட்டவில்லை. அது குடிக்க வாகாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகளார் வியந்து பார்க்கவே, பூனை நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றிவருபவற்றில் அதுவும் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார்கள்.

சுற்றிவருவது என்றால் வரும், போகும். நாயின் முன்னோர் கூட்டமாய் வேட்டையாடிய இனம். பூனையோ தனித்து வேட்டையாடுவது. களஞ்சியத்து எலியைத் தேடி அது தானாகவே மனிதனிடம் வந்தது. ஏவலுக்குக் காத்து நிற்பது அதன் படைப்பில் இல்லை. படைத்தவன் வைத்த இயல்பைக் குற்றம் சொல்ல நாம் யார்?

அதன் நம்பிக்கையைப் பெற வழி, பாத்திரத்தைச் சாய்த்த அந்தக் கைதான். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வையுங்கள். வைத்துவிட்டு விலகி உட்காருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், அதற்கு அது மிரட்டல். அது வந்து கையை முகர்ந்த பின்னரே தடவுங்கள். எழுந்து போனால் விட்டுவிடுங்கள், நாளை வரும். பிறந்த 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதர் கை பழகிய குட்டி எளிதில் அண்டும். அது தவறிய பூனைக்குப் பல மாதங்கூட ஆகலாம். பொறுமை வேண்டும்.

பூனையால் நரகம் புகுந்த பெண்ணைப் பற்றிய ஹதீதை அறிவீர்கள். அவள் செய்த குற்றம் இரண்டு. அடைத்து வைத்துத் தீனி கொடுக்கவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. பூனையின் சுதந்திரமும் நம்மிடம் அமானிதம் என்பதை இதனால் உணரலாம். கோணியில் கட்டி, இரையும் இடமும் தெரியாத ஊரில் தள்ளுகிறவர் தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சிந்திக்கட்டும்!

இந்நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கொடுமை செய்வோருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்துள்ளது. அதற்குத் தப்பினாலும் மறுமைக் கணக்குக்குத் தப்ப முடியாது.

வாயில்லா ஜீவன்கள் அஞ்சாமல் வந்துபோகும் வாசலாக நம் வாசல்களை அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.