வண்ணத்தின் கீழ் ஒரு விரிசல்

பழுதைச் சீர்செய்வதும் பழுதை மறைப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். ஆனால் இரண்டையும் செய்யும் கை ஒன்றே. சில வேளைகளில் கையிலுள்ள வண்ணக் குப்பியும் ஒன்றே. அப்பொழுது எது எதுவென்று பிரித்தறிவது எவ்வாறு? தொலைநாட்டுக் காட்சி ஒன்றை முன்வைத்து இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

கனடா நாட்டின் கியூபெக் மாகாணம். அக்டோபர் மாதம், பனி இன்னும் விழத் தொடங்கவில்லை. வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகையில் ஒருவர் தம் பழைய பனிவண்டியின் மேல்மூடியையும் பக்கத் தகடுகளையும் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறார். ஸ்னோமொபைல் எனப்படும் இவ்வண்டிக்கு முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்புறம் சக்கரங்களுக்குப் பதிலாகச் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டை. மேலே மோட்டார் சைக்கிளுக்குரியது போன்ற இருக்கை. எஞ்சினை மூடியிருப்பவை பிளாஸ்டிக் தகடுகள். அவை வெயிலில் வெளுத்து, மரக்கிளைகள் உரசிக் கீறலுற்றிருக்கின்றன. இடப்பக்கத் தகட்டில் ஒரு சாண் நீளத்திற்கு ஒரு விரிசல். வண்டியை விற்பதற்கு முன் வண்ணம் பூசிவிட வேண்டுமென்பது அவர் விருப்பம்.

இவ்வண்டியின் வரலாறும் நம் கவனத்திற்கு உரியதே. கியூபெக்கின் வால்கூர் என்னும் சிற்றூரில் 1907இல் பிறந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே, பனியில் செல்லும் வாகனம் ஒன்றை உருவாக்க இளமை முதலே முயன்றவர். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய சிறு மகன் வயிற்று நோயால் உயிருக்குப் போராடினான். சாலைகள் பனியால் அடைபட்டிருந்தன, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை, குழந்தை இறந்தான். 1937இல் பொம்பார்டியே ஏழுபேர் செல்லத்தக்க பனி வாகனத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். ஓரிருவர் ஏறிச்செல்லும் சிறு வண்டியாகிய ஸ்கீ-டூ வெளிவந்தது 1959இல். அவற்றின் முதல் வண்டிகளுள் ஒன்று, வட ஒன்ராரியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸ் என்னும் ஒதுங்கிய ஊரில் பணியாற்றிய அருள்பணி மோரீஸ் விமே அடிகளாரிடம் சென்றது. அவர் அமலமரித் தியாகிகள் சபையினர். 1847இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அதே சபைதான். விளையாட்டுக்காகவே இன்று பலர் ஓட்டும் இவ்வண்டி, ஒரு மகனை இழந்த தந்தையின் உழைப்பிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கொட்டகைக்குத் திரும்புவோம். பிளாஸ்டிக்கிற்கு வண்ணம் பூசுவது இரும்பிற்குப் பூசுவது போன்றதன்று. முதலில் அது எவ்வகைப் பிளாஸ்டிக் என்று அறிய வேண்டும். பெரும்பாலும் தகட்டின் உட்புறத்தில் ஏ.பி.எஸ். என்றோ பி.பி. என்றோ எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஏ.பி.எஸ். வண்ணத்தை எளிதில் ஏற்கும். பி.பி. எனப்படும் பாலிபுரொப்பிலீன் எதனையும் தன்மேல் ஒட்டவிடாத இயல்பினது. ஒட்டுதிறன் தரும் தனிப்பூச்சு ஒன்றை முதலில் இட்டாலன்றி மேற்பூச்சு தோலாக உரிந்துவிடும். எவ்வகையாயினும் சோப்பு நீரால் கழுவி, மெழுகும் எண்ணெயும் நீங்க ஆல்கஹால் கொண்டு துடைத்து, உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். பூச்சு மெல்லியதாகப் பலமுறை அமைய வேண்டும். வளையும் தகட்டின்மேல் வளையாத வண்ணம் நில்லாது. ஆதலால் நெகிழ்வூட்டும் கலவை ஒன்றைச் சேர்ப்பர். இரு பகுதிகளைக் கலந்து தெளிக்கும் சிலவகை வண்ணங்களின் நச்சு நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண முகத்துணி அதற்குக் காப்பாகாது. மலிவாக முடிக்கலாம் என்று வீட்டில் தொடங்குவோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

விரிசலுக்கு வருவோம். அதன் முனையில் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. பின்னர் அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி, உட்புறத்திலிருந்து பற்றவைக்க வேண்டும். இது அரை நாள் வேலை. மற்றொரு வழியும் உண்டு. கார்ப் பட்டறைகளில் செய்வது போல மேலே பட்டி பார்த்து, தேய்த்து, வண்ணம் அடித்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 30 பாகைக்கு இறங்கி, வண்டி மேடு பள்ளங்களில் குலுங்கும்போது கடினமான பட்டி பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வளைவதில்லை. அக்டோபரில் விற்ற அழகு ஜனவரியில் வெடிக்கும். அதற்குள் வண்டி வேறொருவருடையது.

விற்பவர் தம் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா? 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியைத் தம் சும்மா தெயோலாஜிக்காவில் நேராக எடுத்துக்கொள்கிறார். வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கக்கூடிய குறை மறைந்திருக்குமாயின், அதைச் சொல்லாமல் விற்பது வஞ்சகம். விளைந்த கேட்டிற்கு ஈடுசெய்யவும் வேண்டும் என்பது அவர் முடிவு. வெளிப்படையான குறைக்கு இக்கடமை இல்லை. அவர் தரும் எடுத்துக்காட்டு ஒற்றைக்கண் குதிரை. குறைக்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால் விற்பவர் வாய்திறக்க வேண்டியதில்லை. ஏனெனில் சொன்னால், நியாயத்திற்கு மேல் விலையைக் குறைக்கும்படி வாங்குபவர் கேட்கக்கூடும். சந்தையை அறிந்த துறவி என்றே சொல்லத் தோன்றுகிறது! கியூபெக்கில் 1994 முதல் நடைமுறையிலுள்ள குடிமைச் சட்டத் தொகுப்பும் ஏறத்தாழ இதே வேறுபாட்டைக் கொள்கிறது: மறைந்த பழுதுக்கு விற்பவர் பொறுப்பு, கண்ணுக்குத் தெரிவதற்கு அல்ல.

இங்கேதான் வண்ணக் குப்பி நம்மைச் சங்கடப்படுத்துகிறது. வெளுத்த தகட்டில் ஓடிய விரிசல், அந்த ஒற்றைக்கண் குதிரையைப் போன்றது. எல்லாரும் காண நின்றது. அதைப் பற்றிப் பேசவேண்டிய கடமை உரியவருக்கு அப்போது இல்லை. அதன்மேல் வண்ணம் படிந்த நொடியில் அது மறைந்த குறையாகிவிட்டது. குதிரைக்குக் கண்ணாடிக் கண் பொருத்தியவன் இனி வாய்திறந்தே ஆகவேண்டும். நேற்றுவரை இல்லாத கடமையை இன்று அவர் தம் கையாலேயே உண்டாக்கிக்கொண்டார்.

"உள்ளதை அழகுபடுத்தினேன், பொய் ஒன்றும் சொல்லவில்லையே" என்பார் சிலர். வெளுப்புக்கும் கீறலுக்கும் இவ்வாதம் பொருந்தும். வெளுத்த தகட்டைப் பளிச்சென்று ஆக்குவதில் யாருக்கும் கேடில்லை. தம் பொருளைப் பேணுவது நற்பண்பே. விரிசலோ அழகைப் பற்றியதன்று. அந்தப் பக்கத் தகடு, மிக வேகமாகச் சுழலும் கிளட்சையும் பெல்ட்டையும் மூடி நிற்பது. மேலும், விரிசல் ஒரு சாட்சி. வண்டி எங்கோ மோதியது என்று அது சொல்கிறது. அதைக் கண்டவர் குனிந்து உள்ளே சட்டம் வளைந்திருக்கிறதா, சறுக்குக் கட்டையின் தாங்கி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார். வண்ணம் அந்தச் சாட்சியின் வாயைக் கட்டிவிடுகிறது. உறைந்த ஏரியின் நடுவே, வீட்டிலிருந்து வெகுதொலைவில் தாங்கி முறிந்தால், பின்னிருக்கையில் இருப்பது வாங்கியவரின் மகளாகவும் இருக்கலாம்.

வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் கூறியது (மத்தேயு நற்செய்தி 23ஆம் அதிகாரம்) இவ்விடத்தில் நம் நினைவிற்கு வருவது இயல்பே. ஆயினும் ஒரு செய்தியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. யூதர் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தது அழகுக்காக அன்று. வழிப்போக்கர் அறியாமல் தொட்டுத் தீட்டுப்படாதிருக்க, இங்கே கல்லறை உள்ளது என்று எச்சரிப்பதற்காக அடித்தனர். பாஸ்கா விழாவிற்கு முந்தைய மாதத்தில் அந்த அடையாளத்தைப் புதுப்பிப்பதும் உண்டு. பூச்சு என்பது மறைப்பதற்கு மட்டுமே பயன்படும் என்றில்லை, அறிவிப்பதற்கும் பயன்பட்டிருக்கிறது.

அப்படியானால் பழுதுகளையெல்லாம் எழுதி வண்டியின்மேல் தொங்கவிட வேண்டுமா? அக்குவினாஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. தொடக்கத்திலேயே பறையறைந்து குறையைச் சொன்னால், பொருளின் நல்ல தன்மைகளை அறியுமுன்பே மக்கள் அஞ்சி விலகுவர். ஆகவே வாங்க முன்வரும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னால் போதும் என்கிறார். விளம்பரத்தில் இல்லாவிட்டாலும் கொட்டகையின் வாயிலில் அது சொல்லப்பட வேண்டும். சொல்வது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்வோம். அரை நாள் உழைத்துப் பற்றவைத்தவருக்குக் கூட, "இங்கே உடைந்திருந்தது" என்ற சொல் தொண்டையில் சிக்கும். வந்தவர் உடனே விலையைக் குறைக்கச் சொல்வார் என்ற அச்சமும் இருக்கும்.

பிளாஸ்டிக் தகடுகளின் உட்புறத்தை எவரும் பூசுவதில்லை. ஆதலால் பற்றவைத்த தழும்பு அங்கே அப்படியே இருக்கும். வாங்க வந்தவர் புதுவண்ணத்தைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார். கொட்டகைக்காரர் சற்றுத் தயங்கி, இடப்பக்கத் தகட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டுகிறார். வந்தவர் விலையில் 200 டாலர் குறைக்கச் சொல்கிறார். 100 என்று முடிவாகிறது. பின்னர் இருவரும் கைவிளக்கை ஏற்றிக்கொண்டு, மண்டியிட்டு, வண்டியின் உட்சட்டத்தை நெடுநேரம் பார்க்கிறார்கள்.