யாருடைய தியாகம்?

கல்வி சீர்பட வேண்டும் என்னும் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓரிடத்தில் வந்து நிற்கிறது. பாடத்திட்டம் மாற்றப்படுகிறது, கற்பிக்கும் முறைகள் புதுப்பிக்கப்படுகின்றன, மழலையர் வகுப்புக்கு விளையாட்டுப் பொருட்களும் கல்லூரிக்கு ஆய்வகங்களும் வாங்கப்படுகின்றன. அத்தனைக்கும் பிறகு, மாணவர் முன் நிற்பவர் ஓர் ஆசிரியர். அவர் எத்தகையவரோ அத்தகையதே அங்கு நிகழும் கல்வி. ஆகவே பேச்சு அவரிடம் திரும்புகிறது. திரும்பியதும் பெரும்பாலும் ஒரு சொல்லைப் பற்றிக்கொள்கிறது: தியாகம். ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாள் மேடைகளில், ஆசிரியப் பணி தொழிலன்று, அது ஒரு தவம் என்று சொல்லப்படுகிறது.

சொல்லப்படுவதில் பிழையில்லை. நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை காட்டியவர் நன்னூல் தந்த பவணந்தி முனிவர். அந்த மரபில் வந்தவர்கள் ஆசிரியரைத் தவசியாகக் காண்பது இயல்பே. ஆனால் அதை யார், யாரிடம் சொல்கிறார்கள்? தவம் செய்பவர் தம் வாழ்வைப் பற்றி அவ்வாறு கருதுவது ஒன்று. ஊதியம் தர வேண்டியவர் அதை எடுத்துரைப்பது முற்றிலும் வேறொன்று. இவ்வேறுபாட்டை மிகுந்த வேதனையோடு விவாதித்துப் பார்த்த நகரம் புனே. விவாதித்தவர்களோ பேச்சளவில் நின்றவர்கள் அல்லர். தம் வாழ்வையே பணயமாக வைத்தவர்கள்.

1880-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நகரில் 'நியூ இங்கிலீஷ் ஸ்கூல்' என்னும் பள்ளி தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையை உதறிவிட்டு வந்த விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கரும், அப்போது இருபத்து நான்கு வயதைக்கூட எட்டியிராத பாலகங்காதர திலகரும் அதன் மூலவர்கள். திலகரின் கல்லூரித் தோழர் கோபால் கணேஷ் அகர்கர் தம் முதுகலைப் படிப்பு முடிந்ததும் அவர்களோடு சேர்ந்தார். மாற்றிக் கட்ட இரண்டாவது சட்டைகூட இல்லாத வறுமையில் பயின்றவர் அகர்கர் என்பர். மகன் படித்து முடித்தால் குடும்பத்தின் துயர் தீரும் என்று காத்திருந்த தாய்க்கு, 'பெரிய சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம்; வயிற்றுக்குப் போதுமானதைக் கொண்டு நிறைவடைந்து, மற்ற நேரத்தைப் பிறர் நலத்துக்குச் செலவிடப் போகிறேன்' என்ற கருத்தில் அவர் எழுதிய கடிதம் மராத்தி மக்கள் நன்கறிந்தது.

1884-இல் 'டெக்கான் எஜுகேஷன் சொசைட்டி' என்னும் கழகமும், 1885 ஜனவரியில் அதன் பெர்குசன் கல்லூரியும் உருவாயின. கழகத்தின் அமைப்பு புதுமையானது. அதன் ஆயுள் உறுப்பினர்கள் இருபது ஆண்டுகள் பணியாற்ற உறுதி கூறுவர். மாதம் ஏறத்தாழ 75 ரூபாயோடு நிறைவடைவர். அதே தகுதிக்கு அரசுப் பணியில் பன்மடங்கு கிடைத்த காலம் அது. வறுமையை விரதமாக ஏற்றுக் கல்விப் பணி செய்த ஜேசு சபைத் துறவியரின் முன்மாதிரி அவர்கள் மனத்தில் இருந்தது.

வகுப்பறையில் இவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். திலகர் கணிதத்தில் இடைப்படிகளை மனத்திலேயே முடித்துவிட்டு விடைக்குத் தாவுவார். கூர்மையான மாணவன் பறப்பான், மற்றவன் திகைப்பான். அகர்கரோ மராத்தி வாக்கியங்களின் அமைப்பைப் பகுத்து விளக்க ஒரு நூலே எழுதியவர். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தை மராத்தியில் தந்தவர். முறைகள் வேறுபட்டாலும், பள்ளியின் புகழ் ஓரிரு ஆண்டுகளிலேயே மாகாணம் முழுவதும் பரவியது.

பிளவு பிறகு வந்தது. சமூகச் சீர்திருத்தம் குறித்துத் திலகருக்கும் அகர்கருக்கும் எழுந்த கருத்து வேற்றுமை அதற்கு ஒரு காரணம். ஆனால் கழகத்துக்குள் அது வெடித்த இடம் வேறு: ஆயுள் உறுப்பினரின் காலமும் உழைப்பும் யாருக்குச் சொந்தம்? திலகரின் நிலை தெளிவானது. விரதம் ஏற்றவர் கழகத்துக்கு வெளியே வருவாய் தேடலாகாது. அவருடைய முழு நேரமும் கழகத்துக்கே உரியது. ஊதியத்தைச் சற்று உயர்த்தலாம் என்ற பேச்சையும் அவர் ஏற்கவில்லை. அகர்கரும், பின்னர் வந்து சேர்ந்த இளைஞர் கோபாலகிருஷ்ண கோகலேயும் வேறு விதமாக எண்ணினர். வகுப்பறைக் கடமையைக் குறைவறச் செய்த பிறகு எஞ்சிய நேரத்தில் ஒருவர் எழுதுவதையும் பொதுப்பணி புரிவதையும் கழகம் தடுக்க இயலாது என்பது அவர்கள் கருத்து. கோகலே எழுதிய கணித நூல் பள்ளிகளில் பரவி அவருக்கு வருவாய் தந்தது. 1890-இல் அவர் 'சார்வஜனிக சபை'யின் செயலாளர் பொறுப்பை ஏற்றபோது பூசல் முற்றியது. அவ்வாண்டு இறுதியில் திலகர் நீண்டதொரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கழகத்திலிருந்து விலகினார்.

இரு தரப்பாரில் யார் வென்றார் என்று பார்ப்பது எளிது, பயனற்றதும்கூட. திலகரின் வாதத்தில் இன்றைக்கும் சுடுகின்ற உண்மை ஒன்று இருக்கிறது. ஆசிரியர் தம் சிறந்த நேரத்தை வெளியே விற்றுவிட்டால் மாணவனுக்குக் கிடைப்பது மிச்சம்தான். காலையிலும் மாலையிலும் தனிப்பயிற்சி நடத்திக் களைத்துப்போனவர் பகலில் வகுப்பறையில் இளைப்பாறும் காட்சியை எந்த ஊரிலும் காணலாம். அத்தகைய ஊர்களில் திலகரின் குரல் ஒலிக்கத்தான் வேண்டும்.

எனினும் அகர்கர் தரப்பில் ஆழமான தத்துவம் ஒன்று அடங்கியிருக்கிறது. விரதம் என்பது ஏற்பவருடையது. எந்த எல்லைவரை ஏற்றாரோ அந்த எல்லைவரை அது அவரைக் கட்டும். பிறர் பின்னால் வந்து அந்த எல்லையை நகர்த்தினால் அதன் பெயர் விரதம் அன்று, ஆணை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தை மூவகையாகப் பிரிக்கிறது. மயக்கத்தால் கடமையையே கைவிடுவது ஒன்று. உடல் வருத்தத்துக்கு அஞ்சி விடுவது மற்றொன்று. கடமையைச் செய்துகொண்டே பற்றையும் பயனையும் விடுவதே உயர்ந்தது. இம்மூன்றிலும் விடுபவர் அவரவரே என்பது கவனிக்கத்தக்கது. ஒருவரின் பயனை மற்றொருவர் விடுவது என்னும் நான்காம் வகை அங்கே கிடையாது. துறவி ஏந்துவதும் ஓடுதான், பசித்தவன் ஏந்துவதும் ஓடுதான். முன்னவன் விட்டுவிட்டு ஏந்துகிறான், பின்னவனுக்கு விடுவதற்கு எதுவும் தரப்படவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது துறவையும் இழிவுபடுத்தும், வறுமையையும் மறைக்கும்.

அதே புனேயில், இவர்களுக்கெல்லாம் முப்பது ஆண்டுகளுக்கு முன், 1848-இல் சாவித்திரிபாய் பூலே பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லச் சென்றார். வழியில் சேற்றையும் சாணத்தையும் எறிந்தார்கள். மாற்றிக் கட்டிக்கொள்ள இன்னொரு சேலையைக் கையோடு எடுத்துச் சென்றார். அந்தச் சேலையை எடுத்துச் செல்லும்படி எவரும் அவருக்கு உபதேசிக்கவில்லை.

திலகர் விட்டுச்சென்ற கணித ஆசிரியர் இடத்துக்கு 1891-இல் கோகலே அழைத்து வந்தவர் தோண்டோ கேசவ கார்வே. பிற்காலத்தில் பாரத ரத்னா பெற்று, நூற்று நான்கு வயது வரை வாழ்ந்த அதே கார்வே. 1896-இல் அவர் கைம்பெண்களுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். 1900-இல் அது நகருக்கு வெளியே ஹிங்ணே என்னும் சிற்றூருக்கு மாறியது. பகலில் பெர்குசன் கல்லூரியில் கணிதம். மாலையில் சில மைல் தூரம் நடந்து ஹிங்ணேக்குச் சென்று அங்குள்ள பெண்களுக்குப் பாடம். கார்வே ஆயுள் உறுப்பினராக இருந்துகொண்டே இதைச் செய்தார். திலகரின் விதியை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தியிருந்தால், 1916-இல் மலர்ந்த இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்துக்கு வித்தே விழுந்திராது எனலாம்.

கார்வேயின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை விழா மலர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அவர் தம் சேமிப்பையெல்லாம் இல்லத்துக்குக் கொடுத்தார். கைம்பெண்ணாக இருந்து 1893-இல் அவரை மணந்த ஆனந்திபாய் 'மாஜே புராண்' என்னும் பெயரில் தம் வாழ்க்கையை எழுதினார். ஊர் விலக்கிவைத்த அவமானமும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்பத்தை ஓட்டிய பாடும் அதில் ஒளிவுமறைவின்றிப் பதிவாகியுள்ளன. கணவர் ஏற்ற விரதத்துக்கு வீட்டில் விலை கொடுத்தவர் அவர். இல்லறத்தாரின் தியாகம் தனி ஒருவரோடு முடிவதில்லை. அடுப்பங்கரை வரை செல்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மாணாக்கர்க்குச் சோறிட்டுப் பாடம் சொன்னவர். அவர் பட்ட கடன் துன்பத்தை உ.வே. சாமிநாதையர் உருகி எழுதியிருக்கிறார். ஆசிரியரின் பெருந்தன்மையைப் போற்றுவோர் அந்தக் கடனையும் நினைவில் கொள்வது நேர்மை.

இனி இன்றைய நிலைக்கு வரலாம். மராத்தியில் 'மானதன்' என்றொரு சொல் உண்டு. தமிழில் அதுவே 'மதிப்பூதியம்'. இரண்டிலும் மதிப்பு முன்னால் நிற்கிறது, பணம் பின்னால் வருகிறது. கேட்பதற்கு இனிய சொற்கள். ஆனால் அலுவலகக் கோப்பில் அவற்றுக்குப் பொருள், 'இது சம்பளம் அன்று. ஆகவே சம்பளத்துக்குரிய உரிமைகளும் இல்லை' என்பது. மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் பாட்டும் முதல் நிறமும் கற்பிக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கு, 1975-இல் அத்திட்டம் தொடங்கிய நாள்முதல் கிடைத்து வருவது மதிப்பூதியம்தான். அவருக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் 2000-ஆம் ஆண்டு முதல், புதிதாகப் பள்ளியில் சேரும் ஆசிரியர் மூன்றாண்டுகள் 'சிக்ஷண் சேவக்', அதாவது கல்விச் சேவகர். 2023-இல் உயர்த்தப்படும் வரை தொடக்கப்பள்ளிச் சேவகருக்கு மாதம் 6,000 ரூபாய். கல்லூரிகளில் மணிக்கணக்குக்குப் பணம் பெறும் விரிவுரையாளர்கள். தமிழகத்தில் அவர்களை ஒத்தவர்களுக்குப் பெயர் 'கௌரவ விரிவுரையாளர்'. மதிப்பு, சேவை, கௌரவம் எனச் சொற்கள் கூடக்கூட ஊதியம் குறைந்துகொண்டே போவது மொழியின் விந்தை.

இது ஆசிரியரின் வயிற்றுப்பாடு மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது. கற்பித்தல் மேம்படுவதற்கு முதல் தேவை, மாணவனை நெருங்கி அறிதல். மழலை வகுப்பில் ஒரு குழந்தை ஏன் இன்று பேசவில்லை என்பதை நேற்றும் அதனோடு இருந்தவரே அறிவார். ஒரே நாளில் மூன்று கல்லூரிகளில் மணியடிக்கு மணியடி பாடம் நடத்தி ஓடும் விரிவுரையாளருக்கு மாணவர் முகம் தெரியலாம், பெயர் தெரியாது. அடுத்த பருவத்தில் அவரே அங்கு இருப்பாரா என்பது அவருக்கும் தெரியாது. எந்தப் பயிற்சி முகாமும் புதிய கற்பித்தல் முறையும் இந்தக் குறையை நிரப்ப முடியாது.

நல்ல ஊதியம் கொடுத்தால் நல்ல ஆசிரியர் வந்துவிடுவாரா என்று கேட்கலாம். வரமாட்டார். நிறைந்த சம்பளமும் வறண்ட வகுப்பறையுமாகக் காலம் தள்ளுவோர் எங்கும் உண்டு. அன்பைப் பட்டியல் போட்டு வாங்க இயலாது. ஆனால் 75 ரூபாய் பெற்ற அந்த ஆயுள் உறுப்பினர்களிடம், இன்றைய மதிப்பூதியக்காரரிடம் இல்லாத ஒன்று இருந்தது. கழகத்தை நடத்தியவர்கள் அவர்களே. எதைக் கற்பிப்பது, யார் முதல்வர், நன்கொடை எதற்குச் செலவாகும் என்பதையெல்லாம் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து அவர்கள் தீர்மானித்தனர். சண்டையிட்டபோதும் சமமாக அமர்ந்தே சண்டையிட்டனர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1899-இல் முதலிடம் பெற்ற முதல் இந்தியரான ரகுநாத் பராஞ்ஜபே, எந்த உயர் பதவியும் கைக்கெட்டும் நிலையில், 1902-இல் அதே கல்லூரிக்குத் திரும்பி முதல்வரானார். குறைந்த ஊதியத்தோடு நிறைந்த பொறுப்பும் அங்கு இருந்ததால் அது அவருக்குத் தியாகமாக அமைந்தது. பொறுப்பையும் தராமல், ஊதியத்தையும் தராமல், தியாகத்தை மட்டும் கேட்பதற்கு அறநூல்களில் ஆதாரம் தேடிப் பயனில்லை.

வறுமையை விரதமாகக் கொண்ட அம்முன்னோடிகள் தம் கழக ஏற்பாட்டிலேயே ஆயுள் காப்பீட்டுக்கும், இருபது ஆண்டுப் பணிக்குப் பின் ஒரு சிறு ஓய்வூதியத்துக்கும் இடம் வைத்திருந்தனர். கோகலே 1902-இல் அந்த ஓய்வூதியத்தோடு வெளியேறினார். அகர்கருக்கு அது வாய்க்கவில்லை. ஆஸ்துமாவோடு போராடிக்கொண்டே கல்லூரி முதல்வராக இருந்த அவர் 1895 ஜூன் 17-ஆம் நாள், முப்பத்தெட்டாம் வயதில் காலமானார். அவர் படுத்திருந்த இடத்தில் ஒரு சிறு பொட்டலம் கிடைத்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தம் ஈமச் செலவு மனைவி யசோதாபாய்க்குச் சுமையாகிவிடக் கூடாது என்று அவர் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த பணம் அது.